கொண்டைக்குக் கேட் பாஸ் இல்லை

ஒரு மில் இருந்தது, மில்லுக்கு ஒரு காலனி இருந்தது, பிறகு மில் போய்விட்டது, போக்கிடம் இல்லாத காலனி மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி, பருத்திக்காடும் மக்காச்சோளக்காடும் தாண்டி, கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசலாகக் கிடக்கிற இடத்தில் இறங்கினால், புகையே வராத புகைபோக்கி ஒன்று நிற்கும். அதன் காலடியில் நாற்பத்திரண்டு வீடு, ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுற்றுச்சுவர், போகவும் வரவும் ஒரே ஒரு இரும்புக் கேட்டு. அங்கே இருப்பவர்கள் நாங்கள். எங்களைப் பற்றி வெளியே என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள், அதில் பாதி பொய், மீதிப் பாதியை நானே சொல்லிவிடுகிறேன்.

மில் ஓடிய காலத்தில் எங்கள் புழக்கடைகளில் கறிவேப்பிலைக் கன்றுக்கு மேல் ஒன்றும் கிடையாது. மில் மூடி, ஆம்பிளைகள் லாரி செட்டுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் கிடைத்த வேலைக்குப் போன பிறகு, சட்டியில் என்ன கொதிக்கும் என்பதை அந்த இரண்டு சென்ட் மண்தான் தீர்மானித்தது. பூசணி போட்டோம், பாகல் போட்டோம், பீர்க்கும் வெள்ளரியும் போட்டோம். கொடி சுவரேறியது, ஓடேறியது, புகைபோக்கியைத் தவிர ஏற முடிந்ததிலெல்லாம் ஏறியது, ஏறிய இடமெல்லாம் பூத்தது, பூத்ததோடு சரி. பெண்பூ தன் அடியில் சுண்டைக்காய் அளவு பிஞ்சை வைத்துக்கொண்டு விடியற்காலையில் மலர்ந்து, பத்து மணி வரைக்கும் யாராவது வருவார்களா என்று வாய் பிளந்து காத்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும், இரண்டு நாளில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். வர வேண்டிய தேனீ வரவில்லை. சுற்றுக் காடுகளில் பருத்திக்கு அடித்த மருந்தில் அதுகளின் வம்சமே போய்விட்டது என்றார்கள்.

தேனீயைக் கூப்பிட நாங்கள் செய்யாத வித்தை இல்லை. வேலியோரம் தும்பையும் துளசியும் சூரியகாந்தியும் விதைத்தோம். தும்பை என்றால் தேனீக்கு உயிர், ஒரே ஒரு பூ இருந்தாலும் தேடி வந்து உட்காரும் என்று விவசாய ஆபீசர் சொல்லியிருந்தார். மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி வைத்தோம், குடிக்க வந்தது மூழ்கிச் செத்துவிடக் கூடாதே என்று. பொன்னுத்துரை அண்ணாச்சி பேச்சைக் கேட்டுக் கருப்பட்டித் தண்ணீர் வைத்ததில் கட்டெறும்பு வந்தது, கட்டெறும்பைத் தின்ன ஓணான் வந்தது, ஓணானைத் தின்னப் பாம்பு வந்தது. கடைசியில் விவசாய ஆபீசிலிருந்து ஒரு தேனீப் பெட்டியையே வாங்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் பெட்டி இருந்தது, தேனீ இல்லை. எங்கள் காலனியில் யாரும் விரும்பி இருப்பதில்லை, தேனீ மட்டும் எப்படி இருக்கும்.

ஆகவே பூவுக்கு நாங்களே தாலி கட்டினோம். அப்படித்தான் அதற்கு எங்களிடம் பெயர். ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழை உரித்துப் போட்டுவிட்டு, நடுவில் மஞ்சள் பொடியோடு நிற்கிற குச்சியால் பெண்பூவின் உள்ளே மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். எல்லாரும்தான் செய்தோம், ஆனால் நான் தொட்டால் பத்துக்கு மூன்று நிற்கும், என் நாத்தனார் மங்கையர்க்கரசி தொட்டால் பத்துக்குப் பத்தும் நிற்கும். கைராசி என்றார்கள். அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு வீட்டுப் பூவுக்கும் அவள்தான் தாலி கட்டினாள். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, கிள்ளிய ஆண்பூவையெல்லாம் கையில் பிடித்தால் வேலை ஓடாது என்று தன் கொண்டையைச் சுற்றிச் செருகிக்கொண்டு, மஞ்சள் கிரீடம் வைத்தவள் மாதிரிப் புழக்கடை புழக்கடையாகப் போய், ஒவ்வொரு பூவாகக் கொண்டையிலிருந்து உருவித் தொட்டுவிட்டு வருவாள்.

மங்கை என் வீட்டுக்காரரின் தங்கை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், இப்போது முப்பத்தெட்டு வயது. முதலில் செவ்வாய் தோஷம் என்றார்கள், பிறகு நகை போதாது என்றார்கள், பிறகு வயது கூடிப்போச்சு என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டதில் எனக்கும் ஒரு வசதி இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அவள் இருந்ததால் என் அடுப்படியில் பாதி வேலை தானாக நடந்தது, என் மகள் தர்ஷினிக்குச் சடை பின்னிவிடுவதுகூட அவள்தான்.

அப்படி இருக்கும்போது போர் மோட்டார் ரிப்பேர் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் கடற்கரை. மனைவியை இழந்து ஆறு வருஷம் ஆனவர், அதிகம் பேசாதவர். கரிசல்காட்டில் பிறந்தவருக்குக் கடற்கரை என்று பெயரா என்று நாங்கள் கேலி பண்ணியதற்குக்கூட அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் வேலைக்கு நாலு நாள் வந்தார், மோட்டாரில் அவ்வளவு கோளாறு இல்லை என்பது மோட்டாருக்கே தெரியும். ஐந்தாம் நாள் அவருடைய அக்கா தேங்காய் பழத் தட்டோடு வந்து, மங்கை தலையில் மல்லிகைச் சரம் வைத்துவிட்டுப் போனாள். வைகாசி பதினெட்டு, புதன்கிழமை, கழுகுமலைக் கோயிலில் கல்யாணம் என்று பேசி முடிந்தது. இருபது வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தேனீ வந்தது.

அப்போது மாசி மாதம். மங்கை பதினேழாம் நம்பர் வீட்டுப் புழக்கடையில் பூசணிக்குக் குனிந்திருந்தாள். கொண்டையில் ஒன்று வந்து உட்கார்ந்தது, பிறகு நாலு, பிறகு கை கொள்ளாத அளவு, அதற்குப் பிறகு தூரத்தில் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் காலனி முழுவதும் கேட்டது. மில்லைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து நாலைந்து ஆம்பிளைகள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால், அவள் ஒரு ஆண்பூவைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள், தலையில் தேனீயாலேயே கட்டிய தலைப்பாகை ஒன்று இருக்கிறது, அது மெல்ல மெல்லக் கொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

"மதினி, தலை கனக்குது," என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் மயிர்க்காலுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாக அடை கட்டத் தொடங்கியிருந்தது. அவளையும் கொட்டவில்லை, எங்களையும் கொட்டவில்லை. விடிந்ததும் கொண்டையிலிருந்து சரம் சரமாகக் கிளம்பும், நாற்பத்திரண்டு புழக்கடையிலும் மேயும், பொழுது அடைந்ததும் கொண்டைக்குத் திரும்பிவிடும். இதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. பெண்கள் கூந்தலில் வண்டு மொய்க்கும் என்று அந்தக் காலத்தில் பாடி வைத்தவர்கள் பொய்யா சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு மில் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா தன் பாகற்கொடியைப் பார்க்கப் போய்விட்டார். "தேனு வந்தா பேனு போயிரும், நல்லதுதான்," என்றாள் இரண்டாம் வரிசை சுப்புத்தாய். அவரவர் தோட்டத்துக்கு அவரவர் திரும்பிப் போனோம்.

அதற்குப் பிறகு காய்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கட்டிலுக்கு அடியில் பூசணி, பீரோவுக்கு மேலே பூசணி, சாமி படத்துக்கு முன்னால் விளக்கு வைக்க இடமில்லாமல் பூசணி. வெள்ளரியை மாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மில் மூடிய பிறகு முதல் தடவையாக எங்கள் பிள்ளைகள் இரண்டாம் தடவை சோறு கேட்டன, கேட்டபோது இருந்தது. எங்களைத் திட்டுவதற்கு முன்னால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பசித்தவர்கள்தான் நாங்கள், கெட்டவர்கள் இல்லை, அல்லது அப்போது வரைக்கும் இல்லை.

பங்குனியில் மங்கைக்குப் பல்வலி வந்தது. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். தேனீயெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனது, கண்டக்டர் அதுகளுக்கு டிக்கெட் கேட்கவில்லை என்று பிற்பாடு சிரித்தோம், ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டைத் தாண்டிய கால் மணி நேரத்தில் விரிந்திருந்த பூவெல்லாம் சுருங்கியது, இருந்த பிஞ்செல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. சாயங்காலம் அவள் ஒரு பல் குறைவாகத் திரும்பி வந்தபோது காலனியே கேட்டருகில் நின்றுகொண்டிருந்தது. யாரும் பல்லைப் பற்றி விசாரிக்கவில்லை.

மறுநாள் காலனிச் சங்கக் கூட்டம். சங்கத் தலைவர் பொன்னுத்துரை அண்ணாச்சி மில்லில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். மில் போனாலும் அதன் கரும்பலகையையும், ஷிப்டு மணியையும், அச்சடித்த கேட் பாஸ் புத்தகங்கள் ஒரு கட்டையும் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றையெல்லாம் வெளியே எடுக்க இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் காத்திருந்தார் போல. பூசணி காலையில் பூக்கிறது, அது முதல் ஷிப்டு. வெள்ளரியும் பாகலும் வெயில் ஏறிய பிறகும் விரிந்திருக்கும், அது ஜெனரல் ஷிப்டு. பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும், அது இரண்டாம் ஷிப்டு. எந்த ஷிப்டில் எந்த வரிசை, எந்த வீட்டில் எவ்வளவு நேரம் என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுதி, மேலே மங்கை என்று பெயரையும் எழுதிக் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். மணி அடித்தால் அவள் எழுந்து அடுத்த புழக்கடைக்குப் போய், அங்கே போட்டிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும்.

சட்டம் ஒவ்வொன்றாக வந்தது. கொசுவுக்குப் புகை போடக் கூடாது. அவள் இருக்கிற பக்கம் மிளகாய் தாளிக்கக் கூடாது. அவள் தலைக்குக் குளிக்கக் கூடாது, சீயக்காய் ஆகாது, படுத்தால் அடை நசுங்கிவிடும் என்பதால் படுக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். தேன் ஒழுகிப் பிடரியில் இறங்கி ரவிக்கை நனைந்தது, தேனுக்கு எறும்பு வந்தது. சோற்றுப் பானைக்கு வைப்பது போல அவள் நாற்காலியின் நாலு காலுக்கும் நாலு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். காலையில் கிண்ணத்தை மாற்றும்போது அவள் பாதத்தைத் தூக்கிக்கொள்வாள், எனக்கு வாசல் பெருக்க வசதியாகக் காலைத் தூக்கிக்கொள்கிறவள் மாதிரி. தர்ஷினிக்குச் சடை பின்ன அவளுக்கு நேரமில்லாமல் போனது. வெளியே போவதானால் கேட் பாஸ் எழுதித் தலைவர் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கடைசிச் சட்டம், அது எல்லாருக்கும் பொது என்று சொன்னார்கள், ஆனால் எழுதச் சொன்னது அவளிடம் மட்டும்தான்.

சித்திரை பிறந்ததும் அவள் ஒரு பாஸ் எழுதினாள். வெளியே செல்லும் நாள் என்ற இடத்தில் வைகாசி பதினெட்டு என்று எழுதினாள், காரணம் என்ற இடத்தில் கல்யாணம் என்று எழுதினாள், திரும்பும் நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். பொன்னுத்துரை அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"ஒரு கட்டம் பூர்த்தியாகல தாயி," என்றார். "பூர்த்தியாகாத பாஸுல நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்?"

கடற்கரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே அவள் நிற்பாள். நடுவில் தேனீ போய்வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அவர் அண்ணாச்சியிடம் கேட்டே விட்டார்: "அவுகள நான் கூட்டிட்டுப் போகல அண்ணாச்சி. நானே இங்க வந்து இருந்துக்கிடுதேன். தொழில இங்கருந்து பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நல்ல மனுசன், இல்லங்கல. ஆனா கல்யாணமான கைக்கு அந்த ராசி நிக்குமா? தேனீ கன்னி கழியாத பொம்பள தலையிலதான் உக்காந்திருக்கு. நாளைக்கே அது பறந்து போச்சுன்னா நாப்பத்திரண்டு வீட்டுக்கும் நீங்களா பதில் சொல்லுவீக?"

இப்படி ஒரு விதியை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. ஆனால் சொன்ன மாத்திரத்தில் அது எங்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயமாக ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி, லாரி செட்டுக் காவலுக்குப் போய்விட்டு வந்து தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். மங்கை மட்டும் விடவில்லை. பாஸ் கிடையாது என்றால் சாமியிடம் கேளுங்கள், அம்மன் போகாதே என்றால் போகவில்லை என்றாள்.

அதை மறுக்க யாராலும் முடியவில்லை. எங்கள் பக்கம் முடிவெடுக்க முடியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்போம்: ஒரு வெள்ளைப்பூவையும் ஒரு சிவப்புப்பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமிக்கு முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வோம், வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளைக்குத் தும்பை, சிவப்புக்கு அரளி என்று பேச்சு. மடித்து வைக்கிற வேலையைப் பெண் வீட்டுக்காரி என்று என்னிடம் விட்டார்கள். முந்தின நாள் மத்தியானம் அண்ணாச்சி என் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடி சொன்னார்: "ராஜகனி, ரெண்டுலயும் அரளியவே வச்சிரு தாயி. அம்மா ஒண்ணும் நினைக்க மாட்டா. நாப்பத்திரண்டு அடுப்பு பாத்துக்கோ."

நான் இரண்டிலும் அரளியை வைத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தியை வைக்கவில்லை. அடுப்படியில் நின்று, என் மகள் இரண்டாம் தடவை சோறு கேட்டதை நினைத்துக்கொண்டு, நல்ல இலையாகப் பார்த்து மடித்தேன்.

சுற்றுச்சுவருக்குள்ளேயே மறுகோடியில் இருக்கிற எங்கள் மாரியம்மன் முன்னால் இரண்டு பொட்டலமும் கிடந்தன. காலனி முழுவதும் கூடியிருந்தது. மங்கை முன்னால் உட்கார்ந்திருந்தாள், அவள் தலையிலிருந்து தேனீ கிளம்பி அம்மன் கழுத்து மாலைக்குப் போனது, குத்துவிளக்கைச் சுற்றியது, தேங்காய்த் தண்ணீரில் வாய் வைத்தது, தமிழய்யாவின் நெற்றிச் சந்தனத்தில்கூட உட்கார்ந்து பார்த்தது. பொட்டலங்கள் இரண்டின் மேலும் ஒன்றுகூட உட்காரவில்லை. அரளியைத் தேனீ ஏறெடுத்துப் பார்க்காது. தும்பை ஒரு பூ இருந்திருந்தால் இலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கும், அதற்காகத்தானே வேலி நெடுகத் தும்பையை விதைத்தோம், எங்கள் காலனியில் பேச்சு வந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். அத்தனை பேரும் பார்த்தோம், அத்தனை பேருக்கும் புரிந்தது, அத்தனை பேரும் கோபுரத்தைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டோம். பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. சிவப்பு.

"சரி, அம்மா சொல்லிட்டா," என்று மங்கை எழுந்தாள். இரண்டாம் ஷிப்டுக்கு மணி அடித்தது, பீர்க்கு வீட்டு நாற்காலிக்குப் போனாள்.

பத்து நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினோராம் நாள் நான் கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது, காலைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்: "மதினி, அரளிய எங்கன பறிச்சீக? நம்ம வேலியிலயா?"

"ஆமா."

"ரெண்டும் ஒரே செடியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரே செடிதான்," என்றேன்.

"நல்லா மடிச்சிருந்தீக," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குத் தூக்கிய தண்ணீர்க் கிண்ணத்தின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா வைகாசி பதினேழு, செவ்வாய்க்கிழமை. மதியக் கொடைக்கு உறுமியும் வேட்டும் சாம்பிராணிப் புகையும் இருக்கும் என்பதால் மங்கை கோயிலுக்கு வரக் கூடாது, வெள்ளரி வீட்டு நாற்காலியிலேயே இருக்கட்டும், காவலுக்கு ராஜகனி இருக்கட்டும் என்று சங்கம் முடிவு செய்து கேட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தது. பூ மடித்தவள் என்று என் மேல் அவ்வளவு நம்பிக்கை. காலனி முழுவதும் கோயிலுக்குப் போனது, தர்ஷினியும் அப்பாவோடு போனாள். நான் முந்தின நாளே கடற்கரைக்குப் போன் பண்ணியிருந்தேன். உறுமிச் சத்தம் கேட்டதும் ஒரு கத்திரிக்கோலையும், என் வீட்டுக்காரரின் சவரக் கத்தியையும், ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். மூன்று நாளாக நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. என் கொண்டையைச் சுற்றிப் பூசணி ஆண்பூ ஐந்து செருகியிருந்தேன்.

"வேண்டாம் மதினி," என்றாள்.

"அதுக்கு ஒரு தலை வேணும்ல."

"கல்யாணமான தலையில உக்காருமோ என்னவோ."

"பாப்போம். குனி."

தேனீயெல்லாம் கொடிகளில் மேய்ந்துகொண்டிருந்த நேரம். அடையில் குஞ்சுகளும் ராணியும் கொஞ்சம் காவலும்தான் இருந்தன. கத்திரியால் வெட்டி, தேனும் மெழுகும் முடியும் சேர்ந்த அந்தக் கொண்டையை ஒரு முறத்தில் இறக்கினேன். மூன்று மாசமாக நேராக நின்ற அவள் கழுத்து சட்டென்று முன்னால் சாய்ந்தது. மீதியைச் சவரக் கத்தியால் மழித்தேன், இரண்டு இடத்தில் கீறியது. தாலி கட்டுவதற்கு முந்தின நாள் ஒரு பெண்ணுக்கு மொட்டை போடுவது எப்பேர்ப்பட்ட பாவம் என்று எனக்குத் தெரியும், என் அம்மா இருந்திருந்தால் என் கையை வெட்டியிருப்பாள். முறத்தில் இருந்த அடையிலிருந்து ராணி, அவசரமில்லாமல், வீடு பார்க்க வந்தவள் மாதிரி, என் கையில் ஏறி, தோளில் ஏறி, பின்கழுத்து வழியாக என் கொண்டைக்குள் போனது.

கேட்டைத் திறந்தேன். கடற்கரை வண்டியோடு நின்றார். அவள் தலையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். நான்தான் தாங்க முடியாமல், "இப்பிடி அனுப்புறேனேன்னு தப்பா நினைச்சிராதீக," என்றேன்.

"முடிதானக்கா. விட்டா வளருது," என்று சொல்லிவிட்டுத் தன் தோள் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிரத் தலையில் கட்டவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "தலை லேசா இருக்கு மதினி," என்றாள். வெயிலில் அந்த மொட்டைத் தலை பருத்திக்காட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் மின்னிக்கொண்டே போனது. ஒரு தேனீகூடப் பின்னால் போகவில்லை. அதற்குள் அவை வெள்ளரியிலிருந்தும் பாகலிலிருந்தும் ஒவ்வொன்றாக என்னிடம் வந்துகொண்டிருந்தன, தலை கனக்கத் தொடங்கியிருந்தது, நான் கேட்டைப் பூட்டினேன்.

கொடை முடிந்து எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் தூக்கோடு திரும்பி வந்தார்கள். காலி நாற்காலியைப் பார்த்தார்கள், முறத்தைப் பார்த்தார்கள், என் தலையிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டார்கள். சண்டை வரும் என்று நான் முழு மூச்சாகத் தயாராக இருந்தேன், அடி விழும் என்றுகூட நினைத்தேன். பொன்னுத்துரை அண்ணாச்சி கரும்பலகையிடம் போய், துண்டின் நுனியால் மங்கை என்ற பெயரை அழித்துவிட்டு, ராஜகனி என்று எழுதினார். மற்றது எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கன்னி கழியாத தலை என்று அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை, அப்படி ஒரு விதி இருந்ததே எங்களுக்கு மறந்துவிட்டது. "பொங்கல் சாப்பிடு ராஜகனி," என்று சுப்புத்தாய் தூக்கை நீட்டினாள், எட்ட நின்றுதான் நீட்டினாள், அவள் இன்னொரு கை முந்தானையை இழுத்துத் தலையை மூடியிருந்தது.

இப்போது எங்கள் காலனிப் பெண்கள் எல்லாருமே முக்காடு போட்டுத்தான் என் பக்கம் வருகிறார்கள். வெயிலுக்கு என்கிறார்கள். நான் உட்கார்ந்தபடி தூங்குகிறேன், பிடரியில் தேன் இறங்குகிறது, நாலு கிண்ணத்துக்கும் என் வீட்டுக்காரர் தண்ணீர் மாற்றுகிறார், மாற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. மங்கை போன வாரம் போன் பண்ணினாள். முடி காது வரை வந்துவிட்டதாம். வாசலில் ஒரு பூசணி போட்டிருக்கிறாளாம், தானே பூவுக்குத் தாலி கட்டுகிறாளாம்.

"பத்துக்கு மூணுதான் நிக்குது மதினி," என்றாள். பல் தெரியச் சிரிக்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. "எப்ப வாரீக?"

"கேட் பாஸ் எழுதணும்," என்றேன். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கொடை நடந்த அன்று சாயங்காலமே, தர்ஷினியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் அத்தை இத்தனை வருஷம் பின்னி வளர்த்த சடையைக் காதளவுக்கு வெட்டிவிட்டேன். பதினோரு வயதுப் பிள்ளை, மூன்று நாள் அழுதாள், எதுக்கும்மா எதுக்கும்மா என்று கேட்டாள், பேன் என்று சொன்னேன். இப்போது அது மறுபடி வளர்ந்து கழுத்தைத் தொட்டுவிட்டது. நேற்று முதல் ஷிப்டில், அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றபோது, என் கொண்டையிலிருந்து ஒரு தேனீ கிளம்பி, பூசணிக்குப் போகாமல், அவள் காதோரம் இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்தது. கத்திரிக்கோலை எடுத்துவா என்றேன். அவள் எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை எதுவும் கேட்காமல், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.